கேரள எல்எல்ஆருடன் பொள்ளாச்சிக்கு பைக் ஓட்டலாமா? ஒரு வாசகிக்கு வழக்கறிஞரின் பதில்

கடிதத்தின் சுருக்கம்

பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்திலிருந்து 27 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் இரண்டையும் விட்டுவிட்டு விஷயத்தை மட்டும் தருகிறேன். கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். அவர் விட்டுப்போன 125 சிசி கியர் பைக் வீட்டில் நிற்கிறது, ஆர்சி அவர் பெயரில். வாசகிக்குப் பொள்ளாச்சியில் ஒரு தேங்காய் மண்டியில் கணக்கு எழுதும் வேலை. சாயங்காலம் கணக்கை முடித்து வெளியே வந்தால் பஸ்ஸுக்கு வெகுநேரம் நிற்க வேண்டியிருக்கிறது. ஆறு வயது மகள் மாமியாரிடம் அம்மாவை எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

இரண்டு மாதத்துக்கு முன் கேரளத்தில் எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) எடுத்தார். ஒரு தடவை டெஸ்ட்டுக்குப் போனார். எட்டு போடும்போது கால் ஊன்றிவிட்டதால் ஃபெயில். அதிகாரி மலையாளத்தில் வேகமாகச் சொன்னதில் பாதி புரியவில்லை என்கிறார். அதற்கப்புறம் தினமும் பைக்கிலேயே வேலைக்குப் போய்வருகிறார். காலையில் மகளை முன்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்தில் விடுகிறார், சில நாள் கூட வேலை செய்யும் பெண்ணைப் பின்னால் ஏற்றிக்கொள்கிறார். போன வாரம் கோபாலபுரம் தாண்டியதும் ஒரு வாகனச் சோதனையில், "கேரளா எல்எல்ஆர் தமிழ்நாட்டில் செல்லாது" என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

கொழுந்தனார், எட்டாயிரம் கொடுத்தால் டெஸ்ட்டே இல்லாமல் தமிழ்நாட்டு லைசென்ஸ் வாங்கித் தர ஆள் இருக்கிறது என்கிறார். மாமியார், பொம்பளைப் பிள்ளைக்குக் கியர் வண்டி எதற்கு, ஸ்கூட்டர் வாங்கிக்கொள் என்கிறார். "நான் என்ன செய்யட்டும்? ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்தானே?" என்று முடிக்கிறார்.

சகோதரிக்கு,

உங்கள் கடிதம் முழுக்கப் போலீஸ் பயம் தெரிகிறது. மோட்டார் விபத்து வழக்குகளை நடத்துகிற எனக்கு அதைப் படித்தபோது வந்த கவலை வேறு. வண்டியில் நீங்கள் ஏற்றிக்கொள்கிற அந்த இரண்டு பேரைப் பற்றியது அது, முதலில் உங்கள் மகளைப் பற்றியது. அதற்கு வருகிறேன். எல்லைச் சங்கதியை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் நீங்கள் பயப்பட எதுவுமில்லை.

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 13ஆவது பிரிவு, இந்தச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட எல்எல்ஆரும் லைசென்ஸும் இந்தியா முழுக்கச் செல்லும் என்று சொல்கிறது. கேரளம், தமிழ்நாடு என்ற பேதமே அதில் கிடையாது. இன்னொரு முறை யாராவது சொன்னால், குரலை உயர்த்தாமல், "சார், பிரிவு 13படி செல்லும்" என்று மட்டும் சொல்லுங்கள். எல்எல்ஆரின் காகிதம் கையில் இல்லாவிட்டாலும் டிஜிலாக்கர் அல்லது எம்பரிவாகன் செயலியில் காட்டினால் ஏற்றுக்கொள்ள வேண்டும். அதற்கும் விதி இருக்கிறது.

எல்எல்ஆர் எதற்குச் செல்லும், எதற்குச் செல்லாது

எல்எல்ஆர் என்பது பழகுவதற்குக் கொடுக்கிற அனுமதி. நிறையப் பேர் அதை ஆறு மாத லைசென்ஸ் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருக்கிறீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 3ஆவது விதி அதற்குச் சில நிபந்தனைகளை வைக்கிறது. லைசென்ஸ் உள்ள ஒருவர், வண்டியை நிறுத்தவோ கட்டுப்படுத்தவோ முடிகிற இடத்தில் கூட இருக்க வேண்டும். முன்னாலும் பின்னாலும் எல் போர்டு இருக்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்குத் தனியாக ஒரு வரி உண்டு: கற்றுக்கொடுக்கிறவரைத் தவிர வேறு யாரையும் ஏற்றக் கூடாது.

பைக்கில் பின்னால் உட்காருகிறவர் எப்படி பிரேக் பிடிப்பார் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதனால்தான் மைதானத்திலும் ஆளில்லாத ரோட்டிலும் ஒருவர் தனியாக ஓட்டிப் பழகுவதை நடைமுறையில் பலரும் பெரிதுபடுத்துவதில்லை. ஆனால் தேங்காய் லாரிகள் வரிசையாகப் போகிற ரோட்டில், வேலை முடிந்து இருட்டுகிற நேரத்தில், தினமும் மாநில எல்லை தாண்டிப் போய்வருவதைப் பழகுவது என்று எந்த நீதிமன்றத்திலும் என்னால் வாதாட முடியாது. பின்னால் ஆளை ஏற்றுவது பற்றி வாதத்துக்கே இடமில்லை. உங்கள் தோழிக்கு லைசென்ஸ் இருந்து, அவர் உங்களுக்குக் கற்றுக்கொடுக்கிறவராகவும் இருந்தாலொழிய அவரை ஏற்றக் கூடாது.

மகள் விஷயத்தில், "குழந்தைதானே, அவளை ஓர் ஆளாகவா கணக்கு வைப்பார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டத்தில் அவளும் ஓர் ஆள்தான். அதைவிட, டேங்க்மேல் உட்கார்ந்த குழந்தை ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டிருக்கும்போது உங்களால் முழுதாகத் திருப்ப முடியாது. திடீரென்று பிரேக் பிடித்தால் உங்கள் எடை முழுவதும் அவள் முதுகில் வந்து விழும். தயவுசெய்து நாளையிலிருந்து நிறுத்துங்கள். பள்ளிக்கு ஆட்டோவோ, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளோடு நடையோ, எதுவானாலும் சரி. லைசென்ஸ் வந்தபிறகு பின்னால் உட்கார வைத்துக்கொள்ளலாம். அப்போது அவள் தலைக்குச் சரியான அளவில் ஹெல்மெட் வேண்டும். நான்கு வயதைத் தாண்டிய எல்லாருக்கும் அது கட்டாயம்.

எல் போர்டையும் ஒருமுறை பாருங்கள். கடையில் விற்கிற சின்ன ஸ்டிக்கர் போதாது. 18 சென்டிமீட்டர் சதுர வெள்ளைப் பலகையில் சிவப்பு எழுத்து, எழுத்தின் உயரம் 10 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. நிபந்தனையை மீறிய எல்எல்ஆரை லைசென்ஸ் இல்லாததாகவே எடுத்துக்கொண்டு 181ஆவது பிரிவில் வழக்கு எழுதினால், அபராதம் ஐயாயிரம். அதோடு, வண்டியைக் கொடுத்த உரிமையாளர்மேலும் 180ஆவது பிரிவில் ஐயாயிரம். வளைகுடாவில் இருக்கிற உங்கள் கணவர் பெயருக்கு அது வரும்.

"இன்சூரன்ஸ் பார்த்துக்கொள்ளும்தானே?"

இந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாகப் பதில் எழுதுகிறேன். யார் அடிபடுகிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

ரோட்டில் போகிற வேறொருவர் உங்கள் வண்டியில் அடிபட்டால்: எல்எல்ஆரும் முறையான லைசென்ஸ்தான் என்று உச்ச நீதிமன்றம் 2004இல் ஸ்வரண் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறது. நிபந்தனை மீறல் பெரியதாகவும் விபத்துக்குக் காரணமாகவும் இருந்தது என்று இன்சூரன்ஸ் கம்பெனி நிரூபித்தால், அடிபட்டவருக்கு முதலில் கம்பெனியைக் கொடுக்கச் சொல்லிவிட்டு, அந்தத் தொகையை வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றம் அனுமதிக்கலாம். அதாவது பணம் கடைசியில் உங்கள் வீட்டிலிருந்து போகும்.

பின்னால் உட்கார்ந்த தோழி அடிபட்டால்: பாலிசியை எடுத்து முதல் பக்கத்தைப் பாருங்கள். வெளியாட்களுக்கு ஏற்படும் நஷ்டத்துக்கு மட்டுமான வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியா, உங்கள் வண்டிக்கும் சேர்த்து எடுத்த பேக்கேஜ் பாலிசியா? தேர்ட் பார்ட்டி மட்டும் என்றால் இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்தவருக்கு அது பொருந்தாது. 2008இல், கேரளத்திலிருந்து போன ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. பேக்கேஜ் பாலிசியாக இருந்தால் அவருக்கும் பாதுகாப்பு உண்டு. பழைய வண்டிகளுக்குப் புதுப்பிக்கும்போது செலவு குறையட்டும் என்று தேர்ட் பார்ட்டி மட்டும் கட்டுகிற பழக்கம் நம் பக்கத்தில் அதிகம். உங்கள் கணவர் எதைக் கட்டினார் என்று அவரிடம் இன்றைக்கே கேளுங்கள்.

நீங்களே அடிபட்டால்: எதிரே வந்தவர்மேல் தப்பு இருந்தால், உங்களிடம் முழு லைசென்ஸ் இல்லை என்பதற்காகவே நஷ்டஈட்டைக் குறைத்துவிட முடியாது. லைசென்ஸ் இல்லாததும் கவனக்குறைவும் ஒன்றல்ல என்று உச்ச நீதிமன்றம் 2008இலேயே சொல்லிவிட்டது. அந்தப் பயம் உங்களுக்கு வேண்டாம். ஆனால் மணலில் சறுக்கி நீங்களாகவே விழுந்தால்? பாலிசியோடு வருகிற 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு, வண்டியை ஓட்டுகிற உரிமையாளருக்கு. அவருக்கும்கூட செல்லுபடியாகும் லைசென்ஸ் இருந்தால்தான். நீங்கள் உரிமையாளர் இல்லை. உங்கள் கணவர் வண்டியை வாங்கி ஓட்டுகிறவர். சட்டத்தின் கண்ணில் அவருடைய இடத்தில் நிற்கிறவர், அதனால் அவருடைய பாலிசியில் மூன்றாம் நபர் என்றும் கேட்க முடியாது. இரண்டு பக்கமும் கதவு சாத்தியிருக்கிறது. வீட்டில் சம்பாதிக்கிற பெண் கணவர் வண்டியை ஓட்டி விழுந்து, குடும்பம் வெறுங்கையோடு நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

இதற்கு வழி இருக்கிறது. லைசென்ஸ் வந்தபிறகு ஆர்சியை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொண்டால் அந்த 15 லட்சம் உங்களுக்குப் பொருந்தும். அதற்கு முன்பாகவே உங்கள் பெயரில் தனியாக ஒரு விபத்துக் காப்பீடு எடுங்கள். மிகக் குறைந்த செலவில் வேண்டுமென்றால், சம்பளம் வருகிற வங்கிக் கணக்கிலேயே பிரதான் மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரலாம். வருடத்துக்கு 20 ரூபாய், 2 லட்சம் வரை. அது போதாது, ஆனால் ஒன்றும் இல்லாததற்கு அது மேல்.

எட்டாயிரம் ரூபாய் லைசென்ஸ்

கொழுந்தனார் உங்கள்மேல் உள்ள அக்கறையில்தான் சொல்கிறார் என்று நம்புகிறேன். ஆனால் வேண்டாம்.

தமிழ்நாட்டில் லைசென்ஸ் எடுப்பதே தப்பு என்று நான் சொல்லவில்லை. நீங்கள் வசிக்கிற மாநிலத்தில், அல்லது நீங்கள் பயிற்சி எடுக்கிற டிரைவிங் ஸ்கூல் இருக்கிற மாநிலத்தில் விண்ணப்பிக்கலாம் என்று 9ஆவது பிரிவு சொல்கிறது. பொள்ளாச்சியில் ஒரு ஸ்கூலில் முறையாகச் சேர்ந்து, அங்கேயே எட்டு போட்டு எடுக்கிற லைசென்ஸும் நல்ல லைசென்ஸ்தான். ஆனால் அங்கேயும் டெஸ்ட் உண்டு. இந்த எட்டாயிரம் கேட்கிற ஆள் விற்பது வேறொன்று. பொய்யான முகவரி, போகாத டெஸ்ட். மோசடியாகவோ பொய்த் தகவல் கொடுத்தோ வாங்கியது என்று தெரிந்தால் 19ஆவது பிரிவில் அதை ரத்து செய்து, லைசென்ஸ் வைத்திருக்கவே தகுதி இல்லை என்று அறிவிக்க முடியும். ஒருவர் இரண்டு லைசென்ஸ் வைத்திருக்கக் கூடாது என்று 6ஆவது பிரிவு தடுக்கிறது. எல்லா மாநில லைசென்ஸ் பதிவும் 'சாரதி' என்ற ஒரே அரசு இணையதளத்தில் இருப்பதால் உங்கள் கேரள எல்எல்ஆரும் அங்கே தெரியும். போலி லைசென்ஸ் என்று தெரிந்தே வண்டியைக் கொடுத்திருந்தால், விபத்து வழக்கில் உரிமையாளருக்குச் சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது.

மத்திய விதிப்படி டெஸ்ட் கட்டணம் 300, லைசென்ஸ் கட்டணம் 200. சேவைக் கட்டணம் கொஞ்சம் கூடும். மிச்சமாகிற பணத்தில் ஒரு நல்ல ஐஎஸ்ஐ ஹெல்மெட்டும், மகளுக்கு ஒன்றும், டிரைவிங் ஸ்கூலில் சில நாள் பயிற்சியும் வாங்கலாம்.

எட்டு

ஃபெயில் ஆனதை அவமானமாக எழுதியிருக்கிறீர்கள். அப்படி நினைக்காதீர்கள். கேரளத்தில் வெகு காலம் கையால் கியர் மாற்றுகிற எம்80 வண்டியில்தான் எட்டு போட்டார்கள். 2024 ஆகஸ்ட்டிலிருந்து காலால் கியர் மாற்றுகிற, 95 சிசிக்குக் குறையாத வண்டிதான் வேண்டும் என்று மாற்றினார்கள். "நாங்கள் எல்லாம் முதல் தடவையிலேயே பாஸ்" என்று உங்களிடம் சொல்கிறவர்களில் பலர் எம்80 காலத்தில் எடுத்தவர்கள். உங்கள் 125 சிசி வண்டி டெஸ்ட்டுக்குப் பொருத்தமானதுதான். ஆர்சி, நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

கால் ஏன் ஊன்றியது என்று நீங்கள் எழுதிய விவரத்திலேயே இருக்கிறது: "வளைவுக்கு நடுவில் பயந்து கிளட்ச்சைப் பிடித்துவிட்டேன்." கிளட்ச்சை முழுதாகப் பிடித்தால் இன்ஜினின் இழுவை போய்விடும். இழுவை இல்லாத வண்டி வளைவில் சாயும், கால் தானாக இறங்கும். முதல் கியரில் ஹாஃப் கிளட்ச்சில் வையுங்கள், ஆக்ஸிலேட்டரை ஒரே அளவில் பிடியுங்கள். வேகத்தைப் பின் பிரேக்கால், கால் நுனியில் மெல்ல அமுக்கிக் குறையுங்கள். ஹேண்டில் திரும்பியிருக்கும்போது முன் பிரேக்கைத் தொடவே கூடாது. முழங்கால் இரண்டும் டேங்கை ஒட்டியிருக்கட்டும். கண் முன் சக்கரத்தில் இருக்கக் கூடாது, எட்டின் பாதையைக் காட்ட நட்டிருக்கிற அடுத்த கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விட வேண்டும். பார்வை போகிற பக்கம்தான் வண்டி போகும். கம்பியையே பார்த்தால் கம்பியில்தான் முட்டும். நெல் அறுத்த வயலோ கோயில் மைதானமோ, இரண்டு செங்கல்லை வைத்து காலையில் அரை மணி நேரம் சுற்றுங்கள். முதலில் இடப்பக்கம் மட்டும், அப்புறம் வலப்பக்கம் மட்டும், கடைசியில் சேர்த்து. எட்டு முடிந்ததும் ரோடு டெஸ்ட் உண்டு. அதில் கை சைகையும் கண்ணாடி பார்ப்பதும் முக்கியம்.

ஒரு தடவை ஃபெயில் ஆனால் ஏழு நாள் கழித்துத் திரும்பப் போகலாம். மூன்று தடவை ஆகிவிட்டால் அறுபது நாள் காத்திருக்க வேண்டும், பயிற்சியும் கேட்பார்கள். உங்கள் எல்எல்ஆரில் இன்னும் நான்கு மாதம் இருக்கிறது. அவசரம் வேண்டாம். ஆனால் டெஸ்ட்டுக்கு நாள் கிடைப்பது சுலபமில்லை, அதனால் தளத்தில் இப்போதே பதிவு செய்துவிட்டுப் பழகுங்கள்.

அதிகாரி சொன்னது புரியவில்லை என்றால், வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால், "சார், தமிழில் சொல்லுங்கள், இல்லை மெதுவாகச் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். கேட்பதில் ஒரு குறைவும் இல்லை. 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டம், இங்குள்ள தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் அரசோடு தங்கள் மொழியிலேயே கடிதப் போக்குவரத்து செய்யலாம், மொழிச் சிறுபான்மைப் பகுதி என்று அறிவிக்கப்பட்ட இடங்களில் உள்ளூர் அலுவலகங்களுக்கும் எழுதலாம், பதிலும் அதே மொழியில் வர வேண்டும் என்று சொல்கிறது. வாய்மொழிக் கட்டளையைப் பற்றி அந்தச் சட்டம் நேரடியாகப் பேசவில்லை. ஆனாலும் டெஸ்ட் நாளுக்கு முன்பே, எனக்குத் தமிழில் விளக்க வேண்டும் என்று ஒரு மனுவைத் தமிழில் எழுதிக் கொடுத்து, ஒரு நகலில் சீல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இந்த எல்லையில் இருக்கிற நாம் இந்த உரிமையைக் கேட்பதே இல்லை. கேட்காமல் விட்டால் அது புத்தகத்திலேயே கிடக்கும்.

அத்தையும் ஸ்கூட்டரும்

மாமியார் சொல்வதைக் கோபமில்லாமல் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பொம்பளைக்குக் கியர் வண்டி ஆகாது என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், சட்டமும் அப்படி எதுவும் சொல்லவில்லை. ஆனால் கால் நுனி மட்டும்தான் தரையில் எட்டுகிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தினமும் அவ்வளவு தூரம் போகிறவருக்கு, லாரிக்குப் பின்னால் நின்று நின்று கிளம்புகிறவருக்கு, அது சின்ன விஷயமில்லை. லைசென்ஸை இப்போது விண்ணப்பித்தபடி கியர் உள்ள வண்டிக்கே எடுங்கள். அதை வைத்து ஸ்கூட்டரும் ஓட்டலாம். கியர் இல்லாத வண்டிக்கு எடுத்தால் பைக்கைத் தொட முடியாது. முப்பது வயதுக்குள் எடுப்பதால் உங்களுக்கு நாற்பது வயது வரை அது செல்லும். கையில் லைசென்ஸ் வந்தபிறகு இரண்டு வண்டியையும் ஓட்டிப் பார்த்து, எது சௌகரியம் என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

அதுவரைக்கும் பொள்ளாச்சிக்குப் பஸ்தான். மண்டி முதலாளியிடம் இரண்டு மாதத்துக்கு மட்டும் சாயங்காலம் அரை மணி முன்னதாக விடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள், டெஸ்ட் நாளையும் சொல்லிவிடுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். பாலிசியைப் பார்த்துவிட்டு அது எந்த வகை என்று ஒரு வரி எழுதுங்கள், புதுப்பிக்கும்போது என்னென்ன சேர்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.